“நெட் வரல” என்றால் எங்கே நின்றது? வயர் நெட்வொர்க்கில் இணைப்புக் கோளாறு தேடும் வழி

ஆபீஸில் ஐடி ஆளாகச் சேர்ந்த முதல் வாரமே உங்கள் காதில் விழப்போகும் புகார், “சார், நெட் வரல.” கேபிள் கழன்றிருந்தாலும் இதேதான், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்டாலும் இதேதான், தான் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டாலும் இதேதான். சொல்பவர் மேல் தப்பில்லை. இதில் பாதிக் கோளாறுகளுக்கு விண்டோஸும் திரையின் மூலையில் அந்த ஒரே உருண்டைப் படத்தைத்தான் காட்டுகிறது.

இந்த இடத்தில் பலருடைய கை நேராக ரேக்குக்குப் போய் சுவிட்சை (கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியை) ஆஃப் பண்ணி ஆன் பண்ணும். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். சில சமயம் சரியாகிவிடும், அதுதான் சிக்கலே. சுவிட்சின் நினைவில் இருந்த லாக் (நடந்ததை எழுதி வைக்கும் பதிவு), ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பிழை எண்ணப்பட்டிருந்தது, எந்த மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் அடாப்டருக்கும் உள்ள வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் இருந்தது, எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும், அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும்போது கையில் ஒரு துப்பும் இருக்காது. அதோடு, அதுவரை நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த மாடி முழுவதும் உங்களுக்குப் போன் பண்ணும்.

ஒரு கணினி வயர் வழியாக நெட்வொர்க்கில் சேர்வதற்கு வரிசையாகச் சில படிகள் உண்டு. முதலில் லிங்க், அதாவது கேபிளின் இரு முனைக்கும் இடையே தொடர்பு, வர வேண்டும். ஆபீஸில் 802.1எக்ஸ் (யார் என்று சரிபார்த்த பிறகே உள்ளே விடும் முறை) போட்டிருந்தால், அடுத்து அந்தக் கணினி தான் யார் என்று சுவிட்சிடம் நிரூபிக்க வேண்டும். பிறகு சரியான வீலேனில் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்) போய் விழ வேண்டும், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் முகவரி வாங்க வேண்டும், வெளியே போகும் வாசலான கேட்வேயைத் தொட வேண்டும், கடைசியாக டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. தெரியாமல் டிரைவரை மாற்றுவது, விண்டோஸை மறுபடி போடுவது எல்லாம் பொழுதுபோக்கு.

எழுந்து போவதற்கு முன் போனிலேயே கேட்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. உங்களுக்கு மட்டுமா, பக்கத்து சீட்டுக்கும் அப்படியா? காலையில் வந்ததிலிருந்தா, நடுவில் போனதா? நேற்று மேசை மாற்றினார்களா, லேப்டாப் மாற்றினார்களா, டாக் (லேப்டாப்பைச் செருகும் பெட்டி) மாற்றினார்களா? ஒருவருக்கு மட்டும் என்றால் கேபிள், போர்ட், அந்தக் கணினி. ஒரு வரிசை முழுக்க என்றால் அந்த சுவிட்ச் அல்லது அதன் அப்லிங்க் (அடுத்த சுவிட்சுக்குப் போகும் இணைப்பு). வெவ்வேறு மாடிகளில் ஆனால் ஒரே வீலேனில் இருப்பவர்கள் என்றால் டிஎச்சிபி பக்கம் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்றால் கேட்வே, டிஎன்எஸ், ரேடியஸ் (802.1எக்ஸில் யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் சர்வர்) மூன்றில் ஒன்று.

லிங்க் வந்ததா?

கணினியின் போர்ட்டில் விளக்கு எரிகிறதா, சுவிட்சிலும் அதே போர்ட்டுக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் பேட்ச் கார்டை (கணினியைச் சுவர் போர்ட்டோடு இணைக்கும் குட்டி கேபிளை) மாற்றுங்கள், அதிலும் ஆர்ஜே45 தலையில் இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்த கார்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், குப்பையில் போடுங்கள். அது உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும், காலால் மேசையைத் தட்டினால் கழன்றுவிடும். கார்டு மாற்றியும் வரவில்லையா, வேறு போர்ட், அப்புறம் வேறு கணினி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும்.

விளக்கு எரிந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், வேகத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் 1000 எம்பிபிஎஸ் தாங்கும்போது லிங்க் 100-இல் வந்து நிற்கிறது என்றால் அது ஒரு நல்ல துப்பு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு கேபிளில் இரண்டு ஜோடி போதும், அதாவது 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் லிங்க் வரும், 100-இல் வரும், அல்லது வந்து வந்து போகும். கேபிளில் அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கடைசிக் கம்பி தங்கநிறப் பின்னைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

எட்டு விளக்கு எரியும் மலிவான லேன் டெஸ்டரை முழுக்க நம்ப வேண்டாம். கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். வண்ண வரிசை தெரியாத யாரோ ஜோடி ஜோடியாக 1-2, 3-4 என்று தன் இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்திருந்தால் டெஸ்டரில் எட்டும் பச்சை காட்டும், ஆனால் 3-உம் 6-உம் ஒரே முறுக்கு ஜோடியாக இல்லாததால் நீளமான கேபிளில் பிழை கொட்டும். டி568பி என்ற நிலையான வண்ண வரிசை மனப்பாடமாக இருக்கட்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இன்னொன்று, கடையில் கேட்6 என்று சொல்லி ரொம்ப மலிவாகக் கொடுத்தால் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மடக்கினால் உடையும், போன், கேமரா எதற்கும் கேபிள் வழியே மின்சாரம் கொடுத்தால் சூடாகும். வாங்கவே வாங்காதீர்கள்.

சுவிட்ச் கொஞ்சம் நல்லதாக இருந்தால் அதற்குள்ளேயே கேபிள் சோதனை இருக்கும், எந்த ஜோடி எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லிவிடும். (சோதனை ஓடும்போது அந்த லிங்க் விழலாம், ஆள் வேலை பார்க்கும் நேரத்தில் ஓட்ட வேண்டாம்.) 27 மீட்டர் என்று காட்டினால் ஃபால்ஸ் சீலிங்கில் ஏணி போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எலி. முழுத் தூரமும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சுவருக்குள் போவது 90, இரண்டு முனைப் பேட்ச் கார்டுகளுக்கும் சேர்த்து 10 என்பதுதான் கணக்கு.

லிங்க் இருக்கிறது, ஆனால் இழுக்கிறது, விட்டு விட்டுப் போகிறது என்றால் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் எண்ணிக்கைகளைப் பாருங்கள். சிஸ்கோவில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’, மற்றவற்றிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கையைப் பார்த்ததும் பதற வேண்டாம், அது போன வருடம் சேர்ந்ததாகக்கூட இருக்கலாம். கவுன்ட்டரைச் சுழியாக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், ஏறிக்கொண்டிருந்தால் கேபிள் அல்லது டூப்ளெக்ஸ் (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாமா, மாறி மாறித்தானா என்ற அமைப்பு). யாராவது ஒரு பக்கம் மட்டும் 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருந்தால் ஆட்டோவில் இருக்கும் மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஃபுல் பக்கம் சிஆர்சி ஏறும், ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் பாக்கெட் மோதல்) ஏறும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள், அதுதான் சரி.

விளக்கே இல்லை, கேபிளும் நன்றாக இருக்கிறது என்றால், போர்ட்டை சுவிட்சே மூடியிருக்கலாம். நிலையில் ‘எர்-டிசேபிள்டு’ என்று இருக்கும். யாரோ மேசைக்கடியில் ஒரு குட்டி சுவிட்சை வைத்து அனுமதித்ததற்கு மேல் மேக் முகவரிகளைக் காட்டியிருப்பார், அல்லது ஒரே கேபிளின் இரண்டு தலையையும் சுவரில் செருகி லூப் போட்டிருப்பார். காரணத்தை லாக்கில் படிக்காமல் போர்ட்டைத் திறந்தால் சில விநாடியில் மறுபடி மூடிக்கொள்ளும்.

“ஆன் பண்ணி அரை நிமிஷம் கழிச்சுத்தான் வருது”

இந்த வாக்கியத்தைக் கேட்டால் ஸ்பேனிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே லூப் வராமல் தடுக்கும் முறை) என்று ஊகிக்கலாம். பழைய 802.1டி முறையில் போர்ட் உயிர்பெற்றதும் 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்றுக்கொள்ளும், அதுவரை ஒரு பாக்கெட்டும் போகாது. கணினி அதற்குள் முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துவிடும், நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும் கணினி தோற்றே போய்விடும். பயனர்கள் செருகும் போர்ட்டுகளில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தாண்டும் அமைப்பு) போடுங்கள், கூடவே பிபிடியு கார்டும் (அங்கே யாராவது சுவிட்சைச் செருகினால் போர்ட்டை மூடும் காவல்). இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போட்டு வைத்தால் ஒரு நாள் லூப் வந்து மொத்த ஆபீஸும் படுக்கும்.

சுவிட்ச் உள்ளே விட்டதா?

802.1எக்ஸ் இல்லாத ஆபீஸ் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இருந்தால் இங்கேதான் அதிக நேரம் செலவாகும், ஏனென்றால் லிங்க் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் போகாது. இதில் மூன்று பேர் உண்டு: கணினி, நடுவில் சுவிட்ச், முடிவெடுக்கும் ரேடியஸ் சர்வர். மூவரிடமும் லாக் இருக்கிறது. ரேடியஸ் சர்வரின் லாக்கிலிருந்து ஆரம்பியுங்கள், அதுதான் காரணத்தை எழுதி வைக்கும்.

உங்கள் ரேடியஸ் சர்வர் விண்டோஸின் என்பிஎஸ் என்றால் செக்யூரிட்டி லாக்கில் 6272 அனுமதி, 6273 மறுப்பு. 6273-ஐத் திறந்தால் கீழே காரண எண் இருக்கும். 16 என்றால் பயனர்பெயர் அல்லது பாஸ்வேர்டு பொருந்தவில்லை. 48 என்றால் ஆள் சரி, ஆனால் அவருக்குப் பொருந்தும் பாலிசி (அனுமதி விதி) ஒன்றும் இல்லை, பெரும்பாலும் புதிய கணினியைச் சரியான குழுவில் சேர்க்க மறந்திருப்பார்கள். லாக்கில் அந்தக் கணினி பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அதுவும் பதில்தான்: கோரிக்கை சர்வருக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்தும் சர்வர் அதை ஏற்காமல் தள்ளிவிட்டது. சுவிட்சின் ஐபி ரேடியஸில் பதிவாகியிருக்கிறதா, நடுவில் ஃபயர்வால் யுடிபி 1812-ஐ அடைத்துவிட்டதா, இரண்டு பக்கமும் பகிர்ந்த ரகசியச் சொல் ஒன்றுதானா என்று பாருங்கள்.

கணினிப் பக்கம், விண்டோஸில் ‘வயர்டு ஆட்டோகான்ஃபிக்’ என்று ஒரு சர்வீஸ் உண்டு. வைஃபைக்கான சர்வீஸ் தானாக ஓடும், இது இயல்பில் ஓடாது. ஓடவில்லை என்றால் அடாப்டர் பண்புகளில் ‘அதென்டிகேஷன்’ டேபே தெரியாது. புதிதாக இமேஜ் (விண்டோஸின் தயார் நகல்) போட்ட லேப்டாப் வைஃபையில் நன்றாக வந்து கேபிளில் மட்டும் வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். சர்வீஸ் ஓடினால் ஈவன்ட் வியூவரில் அதே பெயரில் ஒரு லாக் இருக்கும், எப்போது ஆரம்பித்தது, எதனால் தோற்றது என்று வரிசையாக இருக்கும்.

சான்றிதழ் முறை வைத்திருப்பவர்கள் தேதியைக் கவனியுங்கள். ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் காலாவதியானால் எல்லோரும் ஒரே நாளில் விழுவார்கள். ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப் மட்டும் தோற்கிறதா, அதன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். 20, 30 ரூபாய் பேட்டரிக் கோளாறு, பார்வைக்கு நெட்வொர்க் கோளாறு. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்புக்குப் போன பிறகு, லாகின் பாஸ்வேர்டையே வைத்துத் தானாக உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நின்றிருந்தால் கிரெடென்ஷியல் கார்டை (பாஸ்வேர்டுகளைக் காக்கும் விண்டோஸ் வசதியை) சந்தேகியுங்கள். என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் அது இயல்பாகவே இயங்கத் தொடங்கியது, பாஸ்வேர்டை வைத்துச் சரிபார்க்கும் எம்எஸ்-சாப் வி2 முறைக்கு அது அந்தப் பாஸ்வேர்டைத் தருவதில்லை. நிரந்தரத் தீர்வு சான்றிதழ் முறைக்கு மாறுவதுதான்.

பிரின்டர், கேமரா போன்றவற்றுக்கு 802.1எக்ஸ் பேசத் தெரியாது, அவற்றை மேக் முகவரியை வைத்து உள்ளே விடுவார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிஸ்கோவின் இயல்பு அமைப்பில் சுவிட்ச் 30 விநாடிக்கு ஒரு முறை கேட்டுப் பார்க்கும், மூன்று தடவையும் பதில் இல்லை என்றான பிறகுதான் மேக் முறைக்கு இறங்கும். ஆக 90 விநாடி. அதற்குள் பிரின்டர் டிஎச்சிபியைக் கைவிட்டிருக்கும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், அதனால் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுபவருக்கு அது வரவே வராது. நேரத்தைக் குறைத்து வைப்பதுதான் வழி.

இன்னொரு தொல்லை, தோற்றவர்களை கெஸ்ட் (விருந்தினர்) வீலேனில் தள்ளும் அமைப்பு. அங்கே ஐபி கிடைக்கும், யூடியூப் ஓடும், ஆனால் ஃபைல் சர்வர் வராது. புகார் “சர்வர் டவுன்” என்று வரும். முகவரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முகவரி எப்படி இருக்கிறது?

‘ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்’ என்று கமாண்ட் பிராம்ப்டில் அடியுங்கள். 169.254 என்று ஆரம்பித்தால் டிஎச்சிபி பதில் வரவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பக்கத்து சீட்டுக்கு ஒழுங்காக வருகிறதா? வந்தால் இந்தப் போர்ட்டின் வீலேனைப் பாருங்கள். யாருக்குமே வரவில்லை என்றால் சர்வரில் பூல் (கொடுக்க வைத்திருக்கும் முகவரிகளின் தொகுப்பு) தீர்ந்திருக்கலாம். வழக்கமான ஒரு சிறிய பிரிவில் மொத்தமே 254 முகவரி, விண்டோஸ் டிஎச்சிபி சர்வர் இயல்பாக 8 நாளுக்குக் கொடுத்து வைக்கும். பயிற்சி அறை மாதிரி தினம் ஆள் மாறும் இடத்தில் போன வாரம் வந்துபோனவர்களின் லேப்டாப்புகள் இன்னும் இடம்பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே சில மணி நேரமாகக் குறையுங்கள். புதிதாக உருவாக்கிய வீலேனில் மட்டும் யாருக்கும் வரவில்லை என்றால் ரிலே முகவரி (கோரிக்கையை டிஎச்சிபி சர்வருக்குக் கடத்த ரவுட்டரில் கொடுப்பது) போட மறந்திருப்பார்கள். டிஎச்சிபி கேட்பது பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும் செய்தி), அது ரவுட்டரைத் தாண்டித் தானாகப் போகாது.

169.254 கிடையாது, ஆனால் உங்கள் ஆபீஸ் 10.20.30 என்று இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் 192.168.0.105 வந்திருக்கிறது, கேட்வே 192.168.0.1 என்று இருக்கிறது. இது வேறு கதை. யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டை ஆபீஸ் சுவரில் செருகியிருக்கிறார், அது கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. பிடிப்பது சுலபம். பாதிக்கப்பட்ட கணினியில் ‘ஏஆர்பி ஹைஃபன் ஏ’ அடித்து (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல் வரும்) 192.168.0.1-க்கு நேராக இருக்கும் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்சில் ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ போட்டு அந்த முகவரியைத் தேடுங்கள். அது அப்லிங்க் போர்ட்டைக் காட்டினால் அடுத்த சுவிட்சுக்குப் போய் மறுபடி தேடுங்கள், சாதாரண போர்ட்டைக் காட்டும்வரை. அந்த போர்ட்டை மூடினால் சிறிது நேரத்தில் யார் புகார் சொல்கிறாரோ, அவர் மேசைக்கடியில் இருக்கிறது ரவுட்டர். இனி வராமலிருக்க டிஎச்சிபி ஸ்னூப்பிங் (மற்ற போர்ட்டுகளிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களைச் சுவிட்ச் தடுக்கும் வசதி) போடுங்கள், சர்வர் இருக்கும் பக்கத்தை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டு. அப்லிங்கைக் குறிக்க மறந்தால் ஒருவருக்கும் ஐபி வராது, அதனால் இரவில் செய்யுங்கள்.

கேட்வேயும் டிஎன்எஸ்ஸும்

முகவரி சரியாக இருந்தால் கேட்வேயை பிங் பண்ணுங்கள் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை). பதில் வராவிட்டாலும் ஏஆர்பி பட்டியலில் அதன் மேக் முகவரி வந்திருந்தால் இரண்டாம் அடுக்கு (சுவிட்ச், மேக் மட்டம்) வேலை செய்கிறது, பிங்கை யாரோ அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வந்து வந்து போனால் இரண்டு பேருக்கு ஒரே ஐபியா என்று பாருங்கள், பூலுக்குள்ளேயே கையால் ஐபி கொடுத்த பிரின்டர் இருக்கும்.

கூகுளின் 8.8.8.8-க்கு பிங் போகிறது, பெயர் அடித்தால் வரவில்லை என்றால் டிஎன்எஸ். ‘என்எஸ்லுக்அப்’ எந்தச் சர்வரிடம் கேட்கிறது என்று பாருங்கள். யாராவது “வேகமாக இருக்கும்” என்று 8.8.8.8-ஐயே டிஎன்எஸ்ஸாகப் போட்டு வைத்திருப்பார்கள், வெளித் தளங்கள் எல்லாம் வரும், உள் சர்வர் பெயர்கள் எதுவும் தெரியாது, டொமைன் லாகினும் இழுக்கும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

வயர்ஷார்க், அதாவது போகும் வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள். பயப்பட வேண்டாம், கேபிளைச் செருகும் நேரத்து முதல் ஒரு நிமிடத்தைப் பிடித்தால் போதும். டிஸ்கவர் (முகவரி கேட்பது) என்று நான்கு தடவை போகிறது, ஆஃபர் (டிஎச்சிபியின் பதில்) வரவில்லை என்றால் சர்வர் வரை போகவில்லை அல்லது பதில் திரும்பவில்லை. ஆஃபர் இரண்டு வெவ்வேறு முகவரியிலிருந்து வந்தால் மேலே சொன்ன ரவுட்டர் கேஸ், அல்லது உங்களிடம் நிஜமாகவே இரண்டு சர்வர் இருக்கிறது. பிரின்டரில் வயர்ஷார்க் போட முடியாது என்பதால் சுவிட்சில் அந்தப் போர்ட்டை இன்னொரு போர்ட்டுக்கு மிரர் செய்து (பாக்கெட்டுகளின் நகலை அனுப்பச் சொல்லி) லேப்டாப்பை அங்கே செருகுங்கள்.

போன் வருமுன் தெரிந்துகொள்ள

முதலில் எல்லா சுவிட்சுக்கும் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) போட்டு நேரத்தை ஒன்றாக்குங்கள். நேர மண்டலத்தை அமைக்காமல் சும்மா விட்டால் பல சுவிட்சுகள் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் எழுதும், நீங்கள் காலை 9:02-க்கு விழுந்ததைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், லாக்கில் அது 3:32 என்று இருக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மனக்கணக்கில் போட்டுக்கொண்டே கோளாறு தேடுவது வேதனை.

பிறகு சுவிட்சுகளின் சிஸ்லாகை (லாக் செய்திகளை) ஒரு சர்வருக்கு அனுப்புங்கள், யுடிபி 514. எஸ்என்எம்பி (சாதனங்களிடம் நிலையைக் கேட்டறியும் முறை) வழியாக போர்ட் எண்ணிக்கைகளை எடுக்க லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் இரண்டும் இலவசம், சின்ன ஆபீஸுக்கு ஒரு பழைய கணினியிலேயே ஓடும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேசை எண்ணை விவரமாக எழுதி வையுங்கள், சலிப்பான வேலைதான், ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.

எச்சரிக்கை எதற்கு வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். எந்தப் போர்ட் விழுந்தாலும் மெயில் வரட்டும் என்று வைத்தால் மாலை 6 மணிக்கு எல்லோரும் கணினியை அணைக்கும்போது இன்பாக்ஸ் நிரம்பும், மூன்றாம் நாளிலிருந்து அந்த மெயிலைத் திறக்கவே மாட்டீர்கள். அப்லிங்க் விழுந்தால், ஒரே போர்ட் பத்து நிமிடத்தில் ஐந்தாறு முறை விழுந்து எழுந்தால், சிஆர்சி தொடர்ந்து ஏறினால், டிஎச்சிபி பூல் 85 சதவீதத்தைத் தாண்டினால், ரேடியஸ் மறுப்பு வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால், சான்றிதழ் முடிய ஒரு மாதம் இருந்தால். இவை போதும். இந்த 85, ஐந்தாறு எல்லாம் என் அளவு, உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை மூடும்போது “நெட் பிரச்சினை, சரி செய்யப்பட்டது” என்று எழுதாதீர்கள். சுவிட்ச் பெயர், போர்ட், மேக், வந்த ஐபி, நேரம், எந்தப் படியில் நின்றது, எதை மாற்றினீர்கள். இரண்டு வரிக்கு மேல் வராது. கேபிள் போடுபவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் அறுந்த ஜோடியும் மீட்டர் கணக்கும் எந்த முனையிலிருந்து அளந்தது என்பதும் அதிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அவர் மறு முனையிலிருந்து அளந்து வேறு சீலிங் ஓட்டைத் திறப்பார்.